அம்முலு விட்டுவைத்த பத்தடிப் புல்

எங்கள் ஏரிமேட்டுத் தெருவில் பதினாறு வீடுகள். வாசல் உத்திரமேரூர் ரோட்டைப் பார்க்கும். பின்கதவைத் திறந்தால் ஏரி. பாத்திரம் தேய்க்கிற தண்ணீரும் துணி துவைக்கிற தண்ணீரும் நேராக ஏரிக்குத்தான் போகும். பெருக்குகிற குப்பையையும் அங்கேதான் தள்ளுவோம். இதெல்லாம் தப்பு என்று எங்களுக்குச் சொன்னவள் மூன்றாம் வீட்டு அம்முலு. சொன்னதோடு விட்டாளா என்றால், அதுதான் இல்லை.

அம்முலுவுக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூப்பிட்ட இடத்துக்கு வேலைக்குப் போவாள். வீட்டுக்காரர் இருசப்பன் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். ஒரே மகள் தேவயானி ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறாள். அம்முலு எழுத்துக் கற்றுக்கொண்டதே நாற்பது வயதில், முதியோர் வகுப்பில். லேட்டாகக் கிடைத்ததாலோ என்னவோ, அச்சடித்த எதையும் விடமாட்டாள். மளிகைப் பொட்டலத்தைப் பிரித்தால் அந்தக் காகிதத்தையும் படித்துவிட்டுத்தான் எறிவாள்.

மூன்று வருடத்துக்கு முன் சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். ஏரியோரம் வீடு வைத்திருக்கிறவர்கள் ஏரியை எப்படிக் காப்பாற்றுவது என்று ஊராட்சி அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். பஜ்ஜி நன்றாக இருந்தது. போகும்போது வீட்டுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள், வழவழத் தாள், கலர் படம். என் வீட்டுப் புத்தகம் ஆடிக்கொண்டிருந்த பிரிட்ஜின் காலுக்கு அடியில் போயிற்று. பக்கத்து வீட்டு சுதாவின் பிள்ளைகள் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டினார்கள். அம்முலு மட்டும் வரிக்கு வரி விரலை வைத்து நாற்பது பக்கத்தையும் படித்தாள். ஒரு மாதம் பிடித்தது. புரியாத வார்த்தைக்கு என்னிடம் வருவாள். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவளுக்கு நம்பிக்கை. நானும் அதைக் கெடுக்கவில்லை.

படித்து முடித்ததும் வேலையை ஆரம்பித்தாள். சோப்புத் தண்ணீருக்குப் பின்பக்கம் குழி வெட்டி, ஜல்லி போட்டு, சுற்றிலும் கல்வாழை நட்டாள். பூ சிவப்பாகப் பூத்ததும் மற்ற பெண்களும் கிழங்கு கேட்டு வாங்கிப்போய் நட்டார்கள். அதுவரைக்கும் சரி. புத்தகத்தின் இருபத்திரண்டாம் பக்கத்தில்தான் வினை. தண்ணீர் ஓரத்தில் பத்தடிக்குப் புல்லையும் கோரையையும் வெட்டாமல் விடவேண்டும், அது மண்ணையும் அழுக்கையும் பிடித்து நிறுத்தும் என்று அதில் போட்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் புல் முளைத்த வீடு என்றால் ஆள் போய்ச்சேர்ந்த வீடு என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை தவறாமல் தண்ணீர் ஓரம் வரைக்கும் ஒரு புல் இல்லாமல் செதுக்கிப் பெருக்குவதுதான் குடும்பப் பெண்ணுக்கு அழகு. அம்முலு புல்லை வளரவிட்டதும் தெருவே கூடிவிட்டது.

"இன்னா அம்முலு, ஆளே இல்லாத வூடு மாதிரி கீது?" என்றாள் சுதா. "பாம்பு கீம்பு வந்து பூந்துக்கினா யார் பதில் சொல்றது?"

"பாம்பு உங்க வூட்டு வெறகுக் கட்டைல கீதுக்கா. போன மாசம் நான்தான அடிச்சேன்?" என்றாள் அம்முலு.

பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. ஆனால் அவளுக்கும் உறுத்தல் இருந்திருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுப் பின்பக்கத்தைப் பளிச்சென்று பெருக்கி, சாணி தெளித்து, புல் தொடங்குகிற இடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீளமாக ஒரு கோலம் இழுத்தாள். "இதுவரைக்கும் என் வூடு. அதுக்கு அப்பால ஏரியோடது" என்றாள்.

ஐப்பசி மழையில் ஒரு மதியம் நான் பின்கதவில் நின்று பார்த்தேன். என் வீட்டு மண் டீ நிறத்தில் கரைந்து ஏரிக்குள் ஓடியது. அம்முலு வீட்டுத் தண்ணீர் புல்லுக்குள் நுழைந்து, நிதானமாகி, தெளிந்து இறங்கியது. பார்த்தேனே தவிர, வாயைத் திறந்து சொல்லவில்லை. வீம்பு.

போன தை மாதம் தேவயானிக்கு ஒரு வரன் வந்தது. வாலாஜாபாத் பக்கத்துப் பையன், அதே கம்பெனி. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், பெரியவர்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி. பையனின் அம்மா முனியம்மாள் கொஞ்சம் கறாரான ஆள், சுத்தம் பார்ப்பவர் என்று முன்னமே சேதி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை இருசப்பன் அரிவாளைத் தீட்டிக்கொண்டு நின்றார். "பொண்ணு வாழ்க்கை பெருசா, புல்லு பெருசா? இன்னிக்கு அறுத்தா மறுபடியும் மொளைக்கப் போவுது."

"நம்ம வூட்லயே அறுத்தா அப்பறம் நான் யாருக்கும் சொல்ல முடியாது" என்றாள் அம்முலு. தேவயானியின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது. இப்படியும் ஒரு அம்மாவா என்று நினைத்தேன்.

ஞாயிறு பத்து மணிக்கு வந்தார்கள். தெருவில் பெரியவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முனியம்மாள் உட்காரவே இல்லை. கை கழுவ வேண்டும் என்று நேராகப் பின்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம், அம்முலு கையில் காபித் தட்டோடு.

இடுப்பு உயரப் புல்லைப் பார்த்து அவர் நின்றார். கோலத்தைப் பார்த்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத் தழதழன்னு கீதே" என்றார். "எங்க வூட்ல நாலு ஆடு கீது. கத்தி குடுங்க, ரெண்டு கட்டு அறுத்துக்கினு போறேன்."

எனக்கு உயிர் வந்தது. இருசப்பன் சந்தோஷத்தில் அரிவாளை எடுக்க ஓடினார்.

"கத்தி வேணாம்" என்றாள் அம்முலு. "அத அறுக்கறது இல்லீங்க."

இருசப்பன் ஓடின இடத்திலேயே நின்றார். தேவயானி பின்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டுக்குத்தான கேக்கறேன்?"

"வயல்லருந்து எவ்ளோ வேணாலும் நானே அறுத்துக் கொணாந்து குடுக்கறேன். இது மட்டும் வேணாங்க. இத அறுத்தா என் வூட்டு மண்ணு மொத்தமும் ஏரிக்குப் பூடும். மூணு வருசமா தெருவுக்கே சொல்லிக்கினு கீறேன். இன்னிக்கு நீங்க வந்தீங்கன்னு அறுத்தா, நாளைக்கு நான் இன்னா மூஞ்ச வெச்சிக்கினு பேசறது?"

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முனியம்மாள் மகன் பக்கம் திரும்பினார்.

"டேய், புல்லே தர மாட்டேன்னுது இந்தம்மா. பொண்ணையா தரப் போவுது?"

அம்முலு தட்டைத் தாழ்த்தாமல் சொன்னாள்: "அவளுக்கு உங்க புள்ளையப் புடிச்சிக் கீது. பொண்ணத் தரேங்க. புல்லத்தான் தர முடியாது."

முதலில் சிரித்தது பையன். அப்புறம் நான். முனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார்.

"சரி சம்பந்தி. பொண்ணே போதும்."

"ஆறிப் பூடும், குடிங்க" என்றாள் அம்முலு. பிறகு, மீதி டம்ளர்களோடு தட்டை எங்கள் பக்கம் நீட்டினாள்.