கிரகணத்து வெந்நீர்

நிலக்கரிப் புகையும் புகைபோட்ட மீனின் உப்பு வாடையும் கம்பளிச் சட்டைகளில் ஏறிக்கொண்டு, எத்தனை முறை துவைத்தாலும் போகாமல் இருந்த ஊர் அது. ஜெர்மனியின் வடகோடியில், டென்மார்க் எல்லைக்குப் பக்கத்தில், பால்டிக் கடலோரத்து மீனவர் சிற்றூர். எழுபதுகளில் அங்கிருந்த சின்ன மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்து, திருச்சியிலிருந்து நாங்கள் மூவரும் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. தமிழ் பேச எங்களைத் தவிர அங்கே யாரும் கிடையாது.

லெம்கே அம்மாள் என்ற விதவையின் வீட்டு மாடியில் குடியிருந்தோம். போரின் முடிவில் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்தவர் அவர். அவருடைய ஊர் இப்போது வேறு நாட்டில் இருக்கிறது என்று அப்பா சொல்லியிருந்தார். வீடு முழுவதற்கும் கீழ்த்தளத்தில் ஒரே குளியலறை. அங்கிருந்த வெந்நீர் அடுப்பை அவர் சனிக்கிழமை மட்டும்தான் மூட்டுவார். மற்ற நாட்களில் எங்களுக்குக் "காக்காய்க் குளியல்"தான். அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையை அசைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

அந்த நவம்பர்க் கடைசியில் அம்மா ஐந்து மாதக் கர்ப்பிணி. வெள்ளிக்கிழமை சந்திரகிரகணம், நிலா உதிக்கும்போதே மறைந்திருக்கும், ஊரே படகுத்துறைக்குப் போகிறது, நாமும் போகலாம் என்றார் அப்பா. அம்மா ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினாள்.

"பூமியோட ஷேடோ, அவ்வளவுதான். அது வயித்துக்குள்ள எப்படி வரும்?" என்றார் அப்பா.

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க."

திருச்சியில் எனக்கு ஒரு தம்பி பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டிருந்தான். அவனைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அப்பா காலணியை மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் லெம்கே அம்மாள் கனத்த கோட்டும் தலைத்துணியுமாக, கையில் பின்னல் ஊசிகள் இருந்த பையோடு எங்களை அழைக்க மேலே வந்தார். வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் கிரகணத்தின்போது வெளியே வரக்கூடாது என்பதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் திக்கித் திணறிச் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவுல எங்கம்மா துணி உலர்த்த விடமாட்டாங்க. ஏன்னு நான் கேட்டதில்லை. இன்னிக்கும் உலர்த்தறதில்லை."

சொல்லிவிட்டுக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினார். நீங்கள் போங்கள், நான் இவளோடு இருக்கிறேன் என்றார்.

படகுத்துறையில் ஊரே கிழக்கைப் பார்த்து நின்றது. மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் பருவம். நிலா வரவேண்டிய நேரம் கடந்தும் ஒன்றும் தெரியவில்லை. வானம் இன்னும் இருண்ட பிறகு கிழவர் ஒருவர் கையை நீட்டினார். கடலுக்குச் சற்று மேலே, சாம்பல் மூடிய தணல் போல, மங்கிய செம்பு நிறத்தில் அது ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. அப்பா, "இப்ப திருச்சில நல்ல ராத்திரி. எல்லாரும் மொட்டைமாடில இருப்பாங்க" என்றார். அப்படியொரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

மீனவர் மனைவி ஒருத்தி மீன் வைத்த ரொட்டியைத் தட்டில் நீட்டினாள். நான் எடுத்துக்கொண்டேன். அப்பா வேண்டாமென்று கையசைத்தார். மத்தியானச் சாப்பாட்டையும் அவர் தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பசிக்கவில்லையா என்று கேட்டேன்.

"கிரகணம் விடட்டும்" என்றார். "அம்மாகிட்ட சொல்லாதே."

நிலாவின் ஓரத்தில் வெளிச்சம் கீற்றாகப் பிறந்து, வளர்ந்து, வட்டம் முழுதான பிறகே வீடு திரும்பினோம். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. வெள்ளிக்கிழமையில் குளியலறை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் ஓசை. லெம்கே அம்மாள் வெளியே துண்டோடு நின்றிருந்தார்.

நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். கிரகண நேரத்தில் ஊசி ஆகாதென்று அவர் கையிலிருந்த பின்னல் ஊசிகளை அம்மா வாங்கித் தள்ளி வைத்திருக்கிறாள். அவரும் மறுக்காமல் அத்தனை நேரமும் வெறுங்கையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு அம்மா குழாயைக் காட்டி, தலையில் ஊற்றிக்கொள்வதுபோல் சைகை செய்ய, எழுந்து நிலவறைக்குப் போய் நிலக்கரி அள்ளி வந்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து அம்மா கீழே போய் அவரோடு உருளைக்கிழங்கு தோல் சீவத் தொடங்கினாள். அந்தச் சமையலறையில்தான் அவளுக்கு ஜெர்மன் வந்தது. வசந்தத்தில் தம்பி பிறந்தான். அவன் போட்ட அலறல் மாடி முழுக்கக் கேட்டது. இரண்டு வருடம் கழித்து நாங்கள் திருச்சிக்குத் திரும்பினோம்.

நான் பின்னாளில் ஜெர்மன் படித்து, சென்னையில் அதையே கற்பிக்கிறேன். ஒருமுறை ஜெர்மன் தோழி ஒருத்தியைத் திருச்சி வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா பேசப் பேச அவள் கண் கலங்கிவிட்டது. கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்த தன் பெரியம்மா இப்படித்தான் பேசுவாள், அந்தப் பேச்சைப் பேச இப்போது அங்கே அநேகமாக ஆளே இல்லை என்றாள். அம்மாவுக்கு அது புரியவில்லை. அவளைப் பொறுத்தவரை ஜெர்மன் என்பதே அதுதான். என் மகளை எப்போதும் "மார்ஜெல்" என்றுதான் கூப்பிடுவாள். பெண்பிள்ளை என்று பொருள். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் அந்தச் சொல்லைப் பார்த்ததில்லை.

லெம்கே அம்மாள் போய் வெகுகாலம் ஆகிறது. அப்பாவும் போனார். போன வருடம் அம்மாவும். சில நாட்களுக்கு முன் மகளை நான் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தேன். பாட்டி சொல்வதுபோல் வரவில்லை என்றாள்.