துரை பேசிய தமிழ்

ஒப்பனைப் பூச்சின் மெழுகு மணமும் வியர்வையும் கலந்து மாடிப்படியில் ஏறி வந்தால், நாங்கள் துரை என்று அழைத்த ஆங்கிலேயர் படப்பிடிப்பு முடிந்து திரும்பிவிட்டார் என்று பொருள். அவரைக் குறித்து நான் நேரில் கண்டவற்றையும் கேட்டவற்றையும், என் தந்தையார் அவருக்காகத் தட்டச்சு செய்த வேலை விண்ணப்பத்தில் படித்தவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். பம்பாயின் மாட்டுங்காவில் அவரைப் பற்றி உலவிய ஏனைய கதைகள் சிரிப்பதற்காகச் சொல்லப்பட்டவை, அவற்றுள் சில நானே புனைந்தவை.

விண்ணப்பத்தின்படி, இளமை முதல் இங்கிலாந்தின் சிற்றூர் அரங்குகளில் நடித்தவர். நாடகக் குழுவொன்றுடன் பம்பாய்க்கு வந்து, குழு கலைந்தபின் இங்கேயே தங்கிவிட்டவர். அறுபதுகளில் எங்கள் கட்டிடத்தின் பின்னறையில் குடியிருந்த நான்காண்டுகளும், செம்பூரில் எடுக்கப்பட்ட இந்திப் படங்களில் வெள்ளைக்கார அதிகாரியாக வந்து கதாநாயகனிடம் கன்னத்தில் அறை வாங்குவதே அவர் தொழில். வசனம் ஒன்றும் கிடையாது.

எங்கள் குடியிருப்பின் ஆண்டுவிழாவுக்காகச் சுதந்திரப் போராட்ட நாடகம் எழுதி, அதில் கதாநாயகனாகவும் நின்ற வங்கி எழுத்தர் விசுவநாதன் மாமா, கலெக்டர் வேடத்துக்குத் துரையை அழைத்தார். பன்னிரண்டு வயதான எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால், வசனம் கற்பிக்கும் பணி என்னிடம் வந்தது. மேடையில் மறுபடியும் வாய் திறந்து பேசப் போகிறோம் என்பதில் துரைக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? ஒத்திகைக்கே கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார்.

அவ்வொத்திகையில், மாமா வீசிய கை பின்னால் நின்ற பெண்களின் முகத்தை மறைத்தது. துரை எல்லோர் முன்னிலையிலும் அக்கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினார். மாமா அப்போது சிரித்தார். படிக்கட்டுக்கு வந்ததும் என்னிடம் வெடித்தார்.

"தினம் அறை வாங்கறவன், எனக்கு நடிப்பு சொல்லித்தரானாம்! கோமு, பழசை மறந்துடச் சொல்லு. இதான் புது வசனம். அர்த்தம் கேட்டா, 'ராஜ வசனம்'னு சொல்லிடு."

அவர் அங்கேயே எழுதி நீட்டிய தாளைப் படித்துவிட்டு, சிரிப்பு தாளாமல் படியிலேயே உட்கார்ந்தேன். என்னை எவரும் வற்புறுத்தவில்லை.

"கடல் கடந்து எச்சில் பொறுக்க வந்த இழிந்த நாய் நான்! எனக்கு மானம் இல்லை, ரோஷம் இல்லை. செருப்பால் என்னை அடியுங்கள்!"

இதை ஆங்கில எழுத்தில் அட்டையில் எழுதிக்கொண்டு, துரை இரண்டு நாள் உருப்போட்டார். 'இழிந்த' என்னும் சொல்லுக்கு மட்டும் ஒரு முழு மாலையைச் செலவிட்டார். எங்கள் பிள்ளைகள் பலர் நாவில் வராத ழகரம் அவர் நாவில் வந்தது. வந்த கணத்தில் என் கையைப் பற்றிக் குலுக்கினார்.

விழாவன்று அவர் மார்பு நிமிர்த்தி, குரலை அடிவயிற்றிலிருந்து எழுப்பி முதல் வாக்கியத்தைச் சொன்னதும் கூடம் அதிர்ந்தது. தேர்ந்த நடிகர் ஆகையால் அச்சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, சற்றும் சிதறாமல் அடுத்ததைச் சொன்னார்.

"பாவம், அந்த மனுஷன்" என்றாள் மாமாவின் மனைவி.

"என்ன பாவம்? இருநூறு வருஷம் நம்மளை ஆண்டான். அரைமணி நாழி நாம சிரிக்கப்படாதா?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

துரை மும்முறை தலைவணங்கினார். அவர் கண்கள் நனைந்திருந்தன.

அதற்குப்பின் தெருவே அவருக்கு மேடையாயிற்று. "சாப், ஏக் பார்! ஒரே ஒரு தடவை! ஆபீஸ் போறவா சிரிச்சுட்டுப் போகட்டும்" என்று பூக்கடைக்காரர் கூப்பிடுவார், துரை தொப்பியைக் கழற்றிவிட்டு, ஓர் எழுத்தும் பிசகாமல் சொல்வார்.

ஒரு ஞாயிறன்று அட்டையும் பென்சிலுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். இங்கிலாந்திலிருக்கும் தங்கைக்கு இவ்வெற்றியை எழுத வேண்டுமாம். சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டார். கடல் கடந்து நீதி வழங்க வந்தவன் என்று நான் தடையின்றிச் சொல்லிக்கொண்டே போனேன். பென்சில் ஓரிடத்தில் நின்றது.

"'நாய்' என்றால்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீதிபதி" என்றேன்.

என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு அச்சொல்லுக்கு நேரே, அழகிய கையெழுத்தில், நீதிபதி என்றே எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி எழுந்தார். மறுநாளும் பூக்கடை முன் நின்று அவ்வசனத்தைச் சொன்னார்.

அக்கட்டிடமும் விழாக்கூடமும் இன்று இல்லை. அங்கே பதினெட்டு மாடிகள் எழும்பி நிற்கின்றன. துரை எந்த மாதத்தில் அறையைக் காலி செய்தார், எங்கே இறந்தார், அக்கடிதம் தங்கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பவை எனக்குத் தெரியா. அவர் வாழ்ந்த அந்நான்காண்டுகளில், வாசலில் படுத்த தெருநாயை "சீ நாயே" என்று விரட்டாத பெண் எங்கள் கட்டிடத்தில் ஒருத்தியும் இல்லை. அவர் அதைக் கேட்டிருந்தாரா என்பதும் எனக்குத் தெரியாது.