முதலாளியின் ரிவால்வரும் ஆறாவது தோட்டாவும்

எங்கள் பனியன் கம்பெனி முதலாளியிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. குண்டடம் பக்கத்துத் தோட்டத்தில் காட்டுப்பன்றி தொல்லை என்று லைசென்ஸ் எடுத்து, கோயமுத்தூரில் பழசாக வாங்கியது. அந்தச் சங்கதி பன்றிகளுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. வாங்கிய நாளிலிருந்து அது ஒரு தடவைகூட வெடித்ததில்லை. ஆனால் வாரம் தவறாமல் துடைக்கப்பட்டது. துடைத்தவன் நான்.

நான் அங்கே நிட்டிங் மெஷின் பிட்டர். துப்பாக்கிக்கும் எனக்கும் என்ன உறவு என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தேன். முதலாளி சொன்னார்: "இரும்புல செஞ்சது, எண்ணெ குடிக்குது, உள்ள ஸ்பிரிங்கு இருக்குது. உனக்குத் தெரியாம வேற ஆருக்கப்பா தெரியும்?" இப்படி ஒருவர் சொல்லிவிட்டால் மறுக்கிற மனசு எனக்குக் கிடையாது. அன்று முதல் டீக்கடையில் உட்காரும்போதே கொஞ்சம் அகலமாக உட்கார ஆரம்பித்தேன்.

என் பராமரிப்பு முறை எளிமையானது. உருளையைப் பக்கவாட்டில் திறப்பேன், தோட்டாக்களை ஒரு தகர டப்பாவில் கொட்டுவேன், மெஷின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவேன், வெட்டி மிஞ்சிய துணியான பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைப்பேன், டப்பாவில் இருப்பதை எண்ணாமலே திரும்பப் போடுவேன். எங்கள் ஊரில் எதைத் துடைப்பதற்கும் பனியன் வேஸ்ட்தான். மெஷின், சைக்கிள், எச்சில் டம்ளர், ஜலதோஷக்காரன் மூக்கு எல்லாவற்றுக்கும் அதுவே. ரிவால்வர் மட்டும் என்ன உசத்தி?

ஒரு தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் தோட்டாவோடு ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். கடைசி நாள் மத்தியானம் முதலாளி வந்து, "சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள குடுத்தாகோணும். எஸ்.ஐ. முன்னால பளபளன்னு இருக்கோணுமப்பா" என்றார். நான் அன்றைக்கு இரண்டு மடங்கு எண்ணெயும் மூன்று மடங்கு வேஸ்ட்டும் போட்டுத் துடைத்தேன். தோட்டாவைப் போடாமலே உருளையை அழுத்தி மூடினேன்.

மூடியது மூடியதுதான். தாழ்ப்பாளைத் தள்ளினால் திறக்கவில்லை. உருளையைச் சுற்றினால் சுற்றவில்லை. சரி, தோட்டாவாவது பத்திரமாக இருக்கிறதா என்று டப்பாவைப் பார்த்தேன். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தன.

ஐந்தை எத்தனை தடவை எண்ணினாலும் ஐந்துதான் வருகிறது. நான் பதினொரு தடவை எண்ணினேன். கொட்டும்போது ஆறும் விழுந்ததா என்று பார்த்திருக்கிறேனா? இல்லை. அப்படியானால் ஆறாவது உள்ளேயே மாட்டிக்கொண்டதோ? நேராக நின்று குழலுக்குள் எட்டிப் பார்க்கலாம்தான், ஆனால் எனக்குக் குடும்பம் இருந்தது. சைக்கிள் கண்ணாடியைக் கழற்றி ஓரமாகப் பிடித்துப் பார்த்தேன். ஐந்து ஓட்டைகள் காலி. ஆறாவது ஓட்டை குழலுக்குப் பின்னால் மறைந்திருந்தது. வெடிப்பதற்கென்று நிற்கிற ஓட்டையும் அதுதான்.

ரிவால்வரை மேஜையில் இருந்த வைஸ் இடுக்கியில் இறுக்கி வைத்தேன். எந்தப் பக்கம் திருப்பி வைப்பது? கிழக்கே தையல் செக்ஷன். மேற்கே முதலாளி வீடு. வடக்கே எங்களுக்குப் போட்டியான கம்பெனி. விஷயம் கேட்டு ஓடிவந்த முதலாளி வடக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், சுடப்பட்டாலும் வருத்தப்படாத பொருள் வேஸ்ட் மூட்டைதான் என்று தெற்கே வேஸ்ட் குடோன் பக்கம் திருப்பினோம்.

திருப்பியதும் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தொப்பி எழுந்தது. வேஸ்ட் எடுக்க வருகிற பாய். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஈரம் இருக்கிறதா, எடை ஏற்ற இரும்பு கிரும்பு போட்டிருக்கிறார்களா என்று தடவிப் பார்க்காமல் ஒரு பிடிகூட எடுக்கமாட்டார்.

துப்பாக்கியைப் பார்த்தார். "ஏனுங்க பிட்டரே, போன தடவ மூட்டை ஈரம்னு சொன்னதுக்கா இது?"

"பாய், அசையாதீங்க! இல்லீங்க, அசைங்க! அக்கட்டால போங்க!" என்று கத்தினேன். எந்தக் கட்டளையை நிறைவேற்றுவது என்று தெரியாமல் அவர் அங்கேயே நின்றார்.

முதலாளிக்கு மணி நாலைத் தாண்டிய கவலை. "எதுக்கு இத்தனை ரோசனை? ஒருக்கா அமுக்கிப் பாத்துட்டா உள்ள இருக்குதா இல்லியான்னு தெரிஞ்சு போகுது" என்று கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன வார்த்தைகள் நினைவில்லை. குலதெய்வத்துக்கு நேர்ந்த கிடாய் மட்டும் நினைவிருக்கிறது, பிறகு வாங்க வேண்டி வந்ததால்.

இதற்குள் பாய் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்துவிட்டார். அவர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. நான் துடைத்துப் போட்டிருந்த வேஸ்ட்டை எடுத்து இரண்டு விரலால் தேய்த்தார்.

"இதுலயா தொடச்சீங்க? கட்டிங் வேஸ்ட்டுங்க இது. ஓரம் பூராப் பிரிஞ்சு பஞ்சு கொட்டுமுங்க. அங்க பாருங்க, பொறத்தால வாலு மாதிரி ஒண்ணு தொங்குது."

தொங்கியது. உருளையின் பின்புறம், தோட்டாக்கூட்டை வெளியே தள்ளுகிற நட்சத்திரத் தகடு ஒன்று உண்டு. அதன் அடியில் வாரா வாரம் நான் சேமித்த பஞ்சு எண்ணெயில் ஊறிக் கெட்டியாகி, தகட்டைத் தூக்கி, உருளையை ஆப்பு அடித்தது போல் இறுக்கியிருந்தது. நுனியில் கொக்கி உள்ள நிட்டிங் ஊசியைக் கொண்டுவந்தேன். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று, கொக்கியில் மாட்டி இழுத்தேன். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. பிறந்த குழந்தைக்கு ஒரு பனியன் பின்னலாம். கடைசி இழை வந்ததும் தாழ்ப்பாளைத் தள்ளினேன். திறந்துவிட்டது.

ஆறு ஓட்டையும் காலி.

நான் சிரித்தேன். பாயைக் கட்டிப்பிடித்தேன். முதலாளி சிரிக்கவில்லை. "அப்ப ஆறாவது எங்கப்பா?"

லைசென்ஸ் புத்தகத்தில் ஆறு தோட்டா. தேர்தல் நேரத்தில் ஒன்று குறைந்தால் யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்பார்கள். நான் மனசுக்குள் ஜெயிலுக்கே போய், அங்கே படுக்கையையும் விரித்துவிட்டேன். மேஜைக்கடியில், எண்ணெய்த் தட்டில், என் சட்டை மடிப்பில் எல்லாம் தேடினோம்.

"தோட்டான்னா எப்படிங்க இருக்கும்?" என்றார் பாய்.

காட்டினேன். அவர் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலை, கிராம்பு, நடுவில் ஒரு பித்தளைச் சாமான்.

"இதுங்களா? எட்டு நாளைக்கு முன்ன உங்க மூட்டைல இருந்துச்சுங்க. எடை ஏத்தப் போட்டதாக்கும்னு எடுத்து வெச்சேன். எனக்குப் பல்லு இல்லீங்களா, பாக்கு நசுக்க வாட்டமா இருந்துச்சுங்க."

போன வாரம் துடைத்த வேஸ்ட்டோடு சுருட்டி நானே எறிந்திருக்கிறேன். அதை வாங்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "எந்தப் பக்கத்துல நசுக்குனீங்க?"

"தட்டையான பக்கத்துலதானுங்க. நடுவுல வட்டமா ஒண்ணு இருக்குது பாருங்க, அங்க வெச்சு அடிச்சா சுளுவா ஒடையுது."

அந்த வட்டத்தில் அடித்தால்தான் தோட்டா வெடிக்கும். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாய் எனக்குத் தண்ணீர் தெளித்தார்.

முதலாளி ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆறாவது தோட்டாவை மோந்து பார்த்த ஏட்டு, "என்னங்க, கிராம்பு மணக்குது?" என்று கேட்டாராம்.

"நம்ம பிட்டரு மெயின்டனன்ஸுங்க" என்றாராம் முதலாளி, பெருமையாக.