மார்த்தா அன்ரியின் துணியில் வைத்த மஞ்சள்

சோளமாக் கஞ்சியில் தோய்த்த பருத்தி நூல் வெயிலில் காயும்போது எழும் மெல்லிய புளிப்பு வாசனையை நான் முதலில் அறிந்தது மெல்பேர்னின் மல்கிரேவில், எங்கள் வேலிக்கு அப்பாலிருந்துதான். நினைவு இட்டுக்கட்டும் இயல்புடையது. ஆகவே நானே கண்டதையும், அம்மா இன்றும் மறுக்காததையும் மட்டுமே எழுதுகிறேன்.

அயல்வீட்டு மார்த்தா அன்ரி குவாத்தமாலாவின் மலைநாட்டிலிருந்து வந்த மாயர் இனத்தவர். தறியின் ஒரு முனையைத் துணி உலர்த்தும் கம்பத்தில் கட்டி, மறுமுனையின் வாரை இடுப்புக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு முழந்தாளிட்டிருப்பார். அவர் பின்னே சாய்ந்தால் பாவு நூல் இறுகும், முன்னே வளைந்தால் தளரும். வெள்ளை நூலினிடையே சிவப்பு நூலை விரலால் செருகிப் பறவைகளை எழுப்புவார். அத்துணிக்கு நாற்புறமும் கரை உண்டு. வெட்டாமலே இரு துண்டுகளை நடுவில் இணைத்து, தலை நுழைய இடைவெளி விட்டால் மேற்சட்டையாகிவிடும்.

மகள் லூசியாவின் திருமணத்துக்கென்று ஒரு கோடை முழுவதும் அவர் நெய்தார். மணநாள் நெருங்கியபோது மணிக்கட்டு வீங்கிவிடவே, எம் தமிழ்ப் பெண்களுக்குப் “பிளவுஸ்” தைத்துக் கொடுத்துவந்த அம்மாவிடம் துண்டுகளை ஒப்படைத்து, கத்தரி படக்கூடாது என்று விரல்களால் வெட்டிக் காட்டித் தலையசைத்தார். அம்மா கத்தரிக்கோலைக் “குசினி”யில் சட்டிபானைகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்துக் கடித்தே தைத்து முடித்தார். பிறகு, எந்தப் புதுத்துணிக்கும் செய்வதுபோல், ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்தார்.

மணத்துக்கு முதல்நாள் சட்டையை விரித்த மார்த்தா அன்ரி அந்த மஞ்சளை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“வெள்ளையில போய் மஞ்சள் வைச்சனீரே?” என்றார் அப்பா. “கறிக்கையால தொட்டதெண்டெல்லோ நினைக்கப் போகினம்!”

“நீங்கள் சும்மா இருங்கோ. மஞ்சள் வைக்காமல் ஆரும் புதுசு உடுத்துறதே?” என்றார் அம்மா. என்னிடம் திரும்பினார். “பிள்ளை, கறியில்லையெண்டு சொல்லு. கலியாணப் பொம்பிளை நல்லா இருக்கவேணுமெண்டு வைச்சதெண்டு சொல்லு.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். லூசியா சோப்பை எடுத்தாள். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும் என்று அம்மா பதறித் தடுத்து, காயப்போட்டால் வெளிறிவிடும் என்று வெயிலைக் காட்டினார். மெல்பேர்ன் வெயிலோ அன்று நிலைக்கவில்லை. வெளிறியும் மறையாத அந்தக் கறையோடுதான் லூசியா தேவாலயத்துக்குப் போனாள். அம்மா கடைசி வரிசை வாங்கில் தலைகுனிந்து இருந்தார்.

லூசியாவுக்குக் குழந்தை பிறந்தபோது, மார்த்தா அன்ரி சிறு துணியொன்றை நெய்து, வேலிக்கு மேலாக அதன் ஓரத்தை அம்மாவிடம் நீட்டிக் காத்து நின்றார். அம்மா மஞ்சள் எடுக்க உள்ளே ஓடினார்.

இன்று அந்த வேலியும் இல்லை, கம்பமும் இல்லை. இரு வீட்டு “வளவு”களையும் சேர்த்து மாடிவீடுகள் எழுந்துவிட்டன. மார்த்தா அன்ரி எங்கள் வழக்கத்தை நம்பினாரா, அம்மாவை நிமிரச் செய்யவே துணியை நீட்டினாரா என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.