அன்று சொல்லாத பெயர்

நாகலெட்சுமியோடு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான அந்த லயத்தில் யாரும் பேசுவதில்லை. தண்ணீர்ப் பீலியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுவார்கள். அவள் சாட்சி சொன்னதால்தான் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த லோஜனுக்கு மரண தண்டனை விழுந்தது.

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டம். லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் திருப்புவதில் அவள் புருஷன் கஜேந்திரனுக்கும் லோஜனுக்கும் ஓயாத சண்டை. ஒரு சாயங்காலம், பனி மூடியிருந்த நேரத்தில், கஜேந்திரன் பாத்தியிலேயே வெட்டுப்பட்டு விழுந்தான். அலறல் கேட்டு ஓடிய நாகலெட்சுமி, கவ்வாத்துக் கத்தியோடு லோஜன் வேலி தாண்டுவதைப் பார்த்தாள்.

பொலிஸ் வந்தபோது அவளை மடியில் சாய்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தவள் லோஜனின் தாய் அழகம்மா. நாகலெட்சுமிக்கு மகள் தனுஜா பிறந்தபோது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

"யாரையாவது பார்த்தீங்களா?"

அந்த மடியில் கிடந்துகொண்டு அவளுக்கு வாய் வரவில்லை. "தெரியலைங்க" என்றாள். மறுநாள் புருஷனைப் புதைத்த கையோடு பொலிஸுக்குப் போய்ப் பெயரைச் சொன்னாள்.

மேல் நீதிமன்றம் அவளை நம்பியது. தீர்ப்பன்று வாசலில் அழகம்மா மண்ணை வாரித் தூற்றினாள். "ஏம் மடியில படுத்துக்கெடந்து எம் புள்ள கழுத்துக்கே கயிறு போட்டுட்டியேடி!"

சில வருஷங்களில் மேன்முறையீடு கொழும்பில் விசாரணைக்கு வந்தது. நாகலெட்சுமி ஹட்டனில் ரயில் ஏறிப் போனாள். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. தீர்ப்புச் சொன்ன பிறகு, அங்கிருந்த ஒரு தமிழ்ச் சட்டத்தரணி அவளுக்கு விளக்கினார்.

"மொத நாள் தெரியலன்னு சொல்லியிருக்கீங்க. அடுத்த நாள் பேர் சொல்லியிருக்கீங்க. பனியும் இருந்திருக்கு. வேற சாட்சி இல்ல. அதனால விட்டுட்டாங்க."

"நான் பொய் சொன்னேன்னு சொன்னாங்களா?"

"இல்லம்மா. சந்தேகம் இருக்குன்னாங்க."

"எனக்கு சந்தேகமே இல்லைங்களே."

லோஜன் மாலையோடு வந்து இறங்கினான். லயம் முழுக்கப் பட்டாசு வெடித்தது. மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் வேலை பிரிப்பதற்கு முன் அழகம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "கோர்ட்டே சொல்லிருச்சி. இனியும் இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க இருப்பியா?"

"ஒன் மூஞ்சிக்காக ஒரு நாள் வாய மூடுனேன். அதாலதான் ஒம் மகன் வெளிய நிக்கிறான்." நாகலெட்சுமி லோஜனிடம் திரும்பினாள். "நீயே சொல்லு. யாரு வெட்டுனா?"

"சொல்லேன்டா" என்று அழகம்மா மகன் தோளை உலுக்கினாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டுக் காம்பராவுக்கு நடந்தான். அந்த மாதமே கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான்.

லயத்தின் பகை குறையவில்லை. இப்போது அவனைத் துரத்திய பழியும் அவள் மேல்தான். ஹட்டனில் புடவைக் கடையில் வேலைக்கு நிற்கும் தனுஜா, "எங்கூட வந்துரும்மா" என்று போனில் அழுதாள்.

"வரமாட்டேன்டி. நான் போனா, பொய் சொன்னவ ஓடிட்டான்னுதான் சொல்லுவாங்க."

நாகலெட்சுமி இன்றும் அதே காம்பராவில்தான் இருக்கிறாள்.