பேத்தியைக் குளிப்பாட்டிய மாமா

2024 ஜூன் 10, திங்கட்கிழமை. மாமா வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, பால் காய்ச்சி, தமக்கும் எனக்கும் காப்பி கலந்தார். செய்தித்தாளை விளையாட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கிப் படித்தார். நான் அலுவலகம் புறப்பட்டபோது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "சாவி எடுத்துக்கினியாம்மா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டேன் என்றேன். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

மாமா என் கணவரின் தந்தை. பாரிவாக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். ஐ.டி.ஐ. படித்து, ஆவடியில் கனரக வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். தங்கைகளுக்குத் திருமணம் செய்து வைத்த பிறகே தாம் மணந்துகொண்டார். மேனாம்பேட்டில் ஆசையாகக் கட்டிய வீட்டில் அத்தை நான்கு ஆண்டுகள்தான் வாழ்ந்தார். நான் மருமகளாக வந்தபோது மாமா பணி ஓய்வு பெற்றிருந்தார்.

அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. மகள் கயல் பிறந்து, மகப்பேறு விடுப்பு முடியும் நேரம். கணவருக்கு அப்போது ஓசூரில் பணி. வாரக் கடைசியில்தான் வருவார். என் அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தார். குழந்தையைக் குளிப்பாட்ட வந்துகொண்டிருந்த அம்மாள் தம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நானோ எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

கணவரின் அக்கா, நான் அண்ணி என்று அழைப்பவர், நேராகவே கேட்டார்: "கொழந்தய யார் குளிப்பாட்டுவா? நீ கம்ப்யூட்டர தட்டிக்கினு இருந்தா அது தானா குளிச்சிக்குமா?"

வேலையை விட்டுவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மாமாதான் குறுக்கிட்டார்.

"வேலைய உடணும்னு உனக்குத் தோணுதா, இல்ல இவங்களுக்குத் தோணுதா?"

"எனக்குத் தோணல மாமா."

"அப்ப உடாத. நான் குளிப்பாட்டறேன்."

அண்ணி சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. எதிர்வீட்டு ஜமீலா அக்காவிடம் போய்க் கற்றுத்தரும்படி கேட்டார். அவர் பேரப்பிள்ளைகளை வரிசையாகக் குளிப்பாட்டி எடுத்தவர், மறுநாளே வந்துவிட்டார்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டி, மணையில் உட்கார்ந்து கால்களை நீட்டினார். குழந்தையைக் கால்மேல் வாங்கிக்கொண்டார். பிறகுதான் வெந்நீர் வாளி எட்டாத இடத்தில் இருப்பது தெரிந்தது.

"தண்ணி அங்க கீது, நீ இங்க கீற. கொழந்தய உட்டுட்டு எழுந்து போவியா அண்ணாத்தே?" என்றார் ஜமீலா அக்கா. எண்ணெய் தேய்த்தபோது இன்னும் மோசம். "இன்னாது இது, மெஷினுக்கு கிரீஸ் பூசற மாதிரி? கொழந்த அது!"

அதன் பின் மாமா ஒரு முறைகூடத் தவறவில்லை. எண்ணெய், பயத்தமாவு, சொம்பு, துண்டு எல்லாம், வேலைக்கு முன் ஸ்பேனர்களைப் பரப்பி வைப்பதுபோல, வலது கைப்பக்கம் வரிசையாக இருக்கும்.

செய்தி தெருமுனை டீக்கடை வரை போனது. அவருடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் பலர் முன்னிலையில், "இன்னா நைனா, பொம்பள வேலைலாம் பாக்கிறியாமே?" என்று கேட்டாராம்.

"அம்மாம் பெரிய வண்டியையே கழுவி நிறுத்தனவன் நான். இது அஞ்சு கிலோதான். நாளைக்கு வா, உனக்கும் கத்துத் தரேன்" என்றாராம் மாமா. அந்த நண்பரே எங்களிடம் சொல்லிச் சிரித்தது இது.

கயல் தானாகக் குளிக்கும் வயது வரும்வரை இது நடந்தது. நான் இன்று ஒரு குழுவுக்குத் தலைவி, கயலும் பொறியாளர். எங்களுக்காக ஏதோ விட்டுக்கொடுத்ததாக மாமா ஒருநாளும் பேசியதில்லை. கடைசி ஆண்டுகளில் முழங்கால் வலி வந்தபோதும் கீரை ஆய்வதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

செய்தி கேட்டதும் ஓடிவந்த மருத்துவருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற தொழிற்சாலை நண்பர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்பு எரியாதபடி சமைத்து அனுப்பிய ஜமீலா அக்காவுக்கும், பதினாறு நாளும் உடனிருந்த அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி கலந்த வணக்கம்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுத வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு என் குழுவில் பணிபுரியும் சுகன்யா வந்திருந்தார். கைக்குழந்தைக்காரர். புறப்படும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், இந்த மாசத்தோட வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். எட்டரை மணி மீட்டிங்குக்கு வந்தா கொழந்தய குளிப்பாட்ட ஆளில்ல. எங்க வீட்ல மாமனார்லாம்..." மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற அண்ணி அவர் கையைப் பிடித்தார். "அவசரப்பட்டு எழுதிக் குடுத்துடாதம்மா. வழி இருக்கும்" என்றார்.

மறுநாள் காலை அலுவலகம் சென்றதும் முதல் வேலையாக, எட்டரை மணிக் கூட்டத்தைப் பத்தரைக்கு மாற்றினேன்.