போஸ்டரின் அடியில் ஒரு சிவப்புப் பெயர்

இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. எனக்குக் கற்பனை இருந்திருந்தால் என் போஸ்டரையல்லவா தேர்ந்தெடுத்திருப்பார்கள்?

தப்பு என்னுடையதுதான். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் வரும் பெயர்களில், ‘வடிவமைப்பு: தோ ஹாரின்’ என்பதை மட்டும் சிவப்பாக்கினேன். உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதினால் செத்துப்போவார். சியோலில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். ஒரு நிமிடம் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு மாற்றிவிடலாம் என்றுதான்... மறந்துபோய் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

வயிற்றெரிச்சல். வேறென்ன? அந்தப் பேய்ப் படத்துக்கு நான் பதினோரு மாதிரி போட்டேன். கறுப்புப் பின்னணி, ரத்தக் கைத்தடம், முடிக்குள்ளிருந்து முறைக்கும் ஒற்றைக் கண். பேய்ப் போஸ்டருக்கு உண்டான சீர்வரிசை அத்தனையும். போன வருடம் வேலைக்குச் சேர்ந்த ஹாரின் ஒன்றே ஒன்று கொடுத்தாள். வெள்ளைப் பின்னணி. முதுகு காட்டி நிற்கும் பெண். ஈரத் தலை. அவ்வளவுதான். திரும்பிவிடுவாளோ என்று பார்க்கிறவன் பயந்துகொண்டே நிற்பான். அதையே தேர்ந்தெடுத்து, அடியில் பெயர் அடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

எப்படித் தோன்றியது என்று ஆறு தடவை கேட்டேன்.

“சும்மா வந்துச்சு, சீனியர்.” சிரிப்பாள். நழுவிவிடுவாள்.

பேய் நடுராத்திரி வரும் என்பார்கள். எனக்கு மதியம் 3.10. சுங்மூரோ அச்சகச் சந்து. அச்சுக்காரர் மெங் மாதிரித் தாளை என் மூஞ்சிக்கு நேரே ஆட்டினார்.

“ஏன்யா, அந்தப் பொண்ணு என்ன செத்தா போச்சு? சிவப்பு செத்தவங்களுக்குத்தான்!”

“கை தவறிடுச்சு, அண்ணே.”

“கையா, மனசா?”

அங்கேயே உட்கார்ந்து கறுப்பாக்கினேன்.

3.25. இரண்டாவது தாள். எல்லாப் பெயரும் கறுப்பு. ஒன்று மட்டும் சிவப்பு.

‘தோ ஹாயோன்.’

“எழுத்துப் பிழை வேறயா?” என்றார் மெங்.

கணினியில் பார்த்தேன். அதில் ‘தோ ஹாரின்’ என்றுதான் இருந்தது. கறுப்பில்.

3.40. மூன்றாவது தாள். மறுபடியும் ஹாயோன். மறுபடியும் சிவப்பு.

“தம்பி... படத்துல நிக்கிற இந்தப் பொண்ணுக்கு முதல்ல காது தெரிஞ்சுதா?”

முதல் தாளில் தெரியவில்லை.

இப்போது தெரிந்தது. காதுக்குக் கீழே ஒரு மச்சம்.

மெங் மெஷினின் வயரைப் பிடுங்கினார்.

3.52.

சரக்... சரக்...

இன்னொரு தாள் வந்து விழுந்தது.

கன்னம்.

ஹாரினுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு, தாயே. எல்லாப் போஸ்டரும் உன்னுடையதே ஆகட்டும். உயிரோடு மட்டும் இரு...

“சொல்லுங்க, சீனியர்.”

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஹாயோன் யாரு?”

“காதுக்குக் கீழ மச்சம், ஹாரின்... திரும்பிட்டு இருக்கா.”

முதல்முறையாக அவள் நழுவவில்லை.

“எங்க அக்கா. மார்ச்ல செத்துட்டா. அந்தப் போஸ்டர் அவ வரைஞ்சது. அடியில பொடி எழுத்துலயாவது என் பேரைப் போடுடின்னு, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா... நான் என் பேரைப் போட்டுக்கிட்டேன்.”